நாலு புள்ளி ரெண்டு சென்டிமீட்டர்

அத்தியாயம் 6

"பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒரு செகண்ட் கூடக் கிடையாது" என்று சொல்லிப் பள்ளிச் செயலாளர் அந்தத் தாளை மேஜைமேல் வைத்தார். வைத்தவர் கையை மட்டும் எடுக்கவில்லை.

"கையை எடுத்தீங்கன்னா தாளைப் பாக்கலாம் சார். மோதிரம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கேஸு அதைப் பத்தி இல்லையே" என்றான் பம்பரம்.

செயலாளர் முறைத்தார். பம்பரத்துக்கு முறைப்பெல்லாம் உறைக்காது. பத்து வருஷம் தையல் கடையில் துணி வெட்டியவன். கல்யாணத்துக்கு முந்தின நாள் சட்டை தயாராகாமல் நின்ற மாப்பிள்ளைகளின் முறைப்பையே தாங்கியவன். ஓரிடத்தில் நிற்கமாட்டான் என்பதால் பம்பரம். தையலை விட்டாலும் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பை அவன் விடவில்லை.

அவனுடைய பாஸ் நேர்மாறு. ரயிலில் இருபது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்துவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்த அம்மாள். டிக்கெட் இல்லாமல் ஏறிய சொந்த அக்கா மகனையே நடுவழியில் இறக்கிவிட்டவர். அன்றிலிருந்து அவர் பெயர் கறார்.

விஷயம் இதுதான். இந்தப் பள்ளியில் பதினேழு வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்மேல் வினாத்தாளை வெளியே விட்டதாகக் குற்றச்சாட்டு. தேர்வு நாளை மறுநாள். அதில் வரவேண்டிய வடிவியல் கேள்வி, டீச்சரின் கையெழுத்திலேயே, நேற்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெஞ்சின்மேல் கிடந்தது. இன்று மூன்று மணிக்கு விசாரணைக் குழு. 'நான்தான் செய்தேன், வேலையை விடுகிறேன்' என்ற கடிதம் ஏற்கெனவே தயார். கையெழுத்துப் போட்டாலும் வேலை போகும், போடாவிட்டாலும் போகும். இந்தப் பெயரோடு வெளியே போகிறவரை வேறெந்தப் பள்ளியும் வாசலில்கூட நிற்க விடாது.

காலையில் இதைச் சொல்லி ஆபீஸ் கதவைத் தட்டியது டீச்சரின் நாத்தனார். "எங்க அண்ணி மாடிப்படிக் கைப்பிடி ஆடுதுன்னு மேலதிகாரிக்கு எழுதினாங்க. அதிகாரி வந்து செயலாளரைப் புள்ளைங்க முன்னாடியே புடிபுடின்னு புடிச்சாரு. அன்னிலேர்ந்து அந்த ஆளுக்கு அண்ணி மேல கறுவல். நீங்கதான் காப்பாத்தணும்" என்று அழுதுவிட்டுப் போனாள்.

"அண்ணிக்காக நாத்தனார் அழுறாங்கன்னா அந்த அண்ணி குத்தம் பண்ணியிருக்கவே மாட்டாங்க பாஸ். கேஸை இங்கேயே முடிச்சிரலாம்" என்றான் பம்பரம்.

இப்போது மணி பதினொன்று.

செயலாளர் ஒருவழியாகக் கையை எடுத்தார். பக்கத்தில் அச்சடித்த வினாத்தாளை வைத்தார். அதில் ஒரு சின்ன முக்கோணம். பக்கங்கள் 3, 5, 6 சென்டிமீட்டர். 'இந்த முக்கோணத்தை அளவு காரணி 2 கொண்டு பெரிதாக்கி வரைக.' வகுப்பில் கிடந்த தாளிலும் அதே கேள்வி, அதே முக்கோணம். ஆனால் எழுத்தும் பெரிது, முக்கோணமும் பெரிது.

"பாத்தீங்களா? கேள்வி மட்டும் இல்ல, விடையையும் சேத்து வரைஞ்சு குடுத்திருக்காங்க. அச்சுல இருக்கறதை விட ரெண்டு மடங்கு. கண்ணாலேயே தெரியுது!" என்றார் செயலாளர்.

"நீங்க என்ன படிச்சீங்க சார்?" என்று கேட்டார் கறார்.

"வரலாறு. ஏன்?"

"சும்மா கேட்டேன். பம்பரம், அள."

பம்பரம் டேப்பை உருவினான். "மூணுன்னு எழுதியிருக்கற பக்கம் நாலு புள்ளி ரெண்டு. அஞ்சு, ஏழு புள்ளி ஒண்ணு. ஆறு, எட்டரை. என்ன பாஸ் இது? ரெண்டு மடங்குன்னா ஆறு, பத்து, பன்னெண்டுன்னுல்ல வரணும்? ஒன்றரை மடங்குன்னாக்கூட நாலரை. நாலு புள்ளி ரெண்டு எந்த ஊர்க் கணக்கு? இப்படி நான் காலர் வெட்டியிருந்தா முதலாளி என் கழுத்தை வெட்டியிருப்பாரு."

கறார் முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் விரல் நுனியால் தடவினார். அப்புறம் தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கே யாரோ ஒரு பிள்ளை நீளமாய் ஒரு பெருக்கல் கணக்குப் போட்டு, தப்பாக வந்த கோபத்தில் மீசை வைத்த பூனை ஒன்றையும் வரைந்திருந்தது.

"டீச்சர் எழுதிக் குடுத்த மூலத்தாள் எங்க?"

"அச்சுக்குப் போனதும் கிழிச்சு எரிச்சாச்சு. அதுதான் விதி. பத்து நிமிஷம் முடிஞ்சுது."

வெளியே வந்ததும் பம்பரம் கேட்டான். "பூனையில ஏதாவது துப்பு கிடைச்சுதா பாஸ்?"

"கிடைச்சுது. தேர்வுல வரப்போற கேள்வியைத் திருட்டுத்தனமா வாங்கின பிள்ளை அதும் பின்னாடி பூனை வரையுமாடா? பத்திரமா ஒளிச்சு வைக்கும். அந்தப் பிள்ளைக்கு அது வெறும் ரஃப் பேப்பர். இன்னொண்ணு, காம்பஸ் வெச்சு முக்கோணம் போட்டா முள் குத்தின ஓட்டை இருக்கணும். இந்தத் தாள்ல ஓட்டையே இல்ல. ஓட்டை இருக்க வேண்டிய இடத்துல கறுப்பாப் புள்ளிதான் இருக்கு."

"அப்ப இது ஜெராக்ஸ்!"

"ஜெராக்ஸ்னா அப்படியே எடுக்க வேண்டியதுதானே? ஏன் பெரிசாக்கணும்? அதுவும் நாலு புள்ளி ரெண்டுக்கு?"

பள்ளிக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே தாளைப் போட்டுத் தாளை எடுக்கும் அளவுக்குப் பழகியவர்.

"அண்ணே, மூணு சென்டிமீட்டரை நாலு புள்ளி ரெண்டா ஆக்க முடியுமா?" என்று கேட்டான் பம்பரம்.

"ஒரு நாளைக்கு அம்பது தடவை ஆக்கறேன். நூத்தி நாப்பத்தொண்ணு பர்சன்ட் பட்டன்."

"அதென்ன மொய் எழுதற மாதிரி ஒரு ஒண்ணு சேத்து?"

கடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் மடித்துக் கிழித்தார். "இது அரைத்தாள். இதை முழுத்தாளாப் பெரிசாக்கணும். எத்தனை மடங்கு?"

"ரெண்டு மடங்கு. இதுக்கு எதுக்குப் படிப்பு?"

"தாள் ரெண்டு மடங்குதான். கோட்டை அளந்து பாருங்க."

பம்பரம் அளந்தான். அரைத்தாளின் அகலம் பதினாலு புள்ளி எட்டு. முழுத்தாளின் அகலம் இருபத்தொண்ணு. ரெண்டு மடங்குக்கு எங்கே போவது, ஒன்றரைகூட வரவில்லை.

"பக்கத்தை ரெண்டு மடங்காக்கினா பரப்பு நாலு மடங்காயிடும். அரைத்தாள் மாதிரி நாலு தாள் வேணும். மெஷின்ல இருநூறுன்னு போட்டா பாதிப் படம் தாளுக்கு வெளிய ஓடிடும். தாளு ரெண்டு மடங்காகணும்னா பக்கம் ஒண்ணு புள்ளி நாலு ஒண்ணுதான் வளரும்."

பம்பரம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அடக் கடவுளே, இது எனக்கே தெரியும் பாஸ்! குழந்தைச் சட்டையை எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்கா வெட்டினா துணி ரெண்டு மடங்கு போதாது, நாலு மடங்கு தின்னும். முதல் வருஷம் இதுல ஒரு முழுப் பீஸைக் காலி பண்ணி வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு."

"அப்ப செயலாளர் சொன்னது விடை இல்ல. பாக்கறதுக்கு ரெண்டு மடங்காத் தெரியுது, அவ்வளவுதான்" என்றார் கறார். "டீச்சர் எழுதினது அரைத்தாள்ல. யாரோ அதை முழுத்தாளாக்கியிருக்காங்க. அந்தக் கணக்கு மிஸ் இங்க வருவாங்களா?"

"வருவாங்க. ஆனா சின்னதாக்கத்தான் வருவாங்க. ஒரு தாள்ல நாலு பக்கம் அடக்கணும்பாங்க. அரைத்தாள்ல எறும்பு ஊர்ற மாதிரி எழுதுவாங்கம்மா. எனக்கே படிக்கக் கண்ணு வலிக்கும்."

கறார் அப்படியே நின்றார். டிக்கெட் இல்லாதவன் எந்தக் கழிவறையில் ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டால் அவர் முகம் இப்படித்தான் ஆகும் என்று பம்பரம் கேள்விப்பட்டிருந்தான்.

"வா, பள்ளி ஆபீசுக்கு" என்றார்.

ஆபீஸ் அறையில் ஒரே ஆள். டைப்பு அக்கா என்று மொத்தப் பள்ளியும் கூப்பிடும் அம்மாள். கம்ப்யூட்டர் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. பின்னால் ஒரு ஜெராக்ஸ் மெஷின். அதன் பக்கத்தில் ஒருபக்கம் அச்சான வீண் தாள்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி வைத்திருந்தது. மேல்தாளில் கொட்டை எழுத்தில் 'ரஃப், 9ஆம் வகுப்பு'.

"இதெல்லாம் புள்ளைங்களுக்குக் குடுப்பீங்களாக்கா?" என்றான் பம்பரம்.

"ஆமாம்பா. ஒருபக்கம் காலியா இருக்குல்ல, எதுக்கு வீணாக்கணும்? வாரா வாரம் நான்தான் கட்டி அனுப்புவேன். நீங்க யாரு?"

பம்பரம் சட்டைப்பையில் கையை விட்டு விசிட்டிங் கார்டு மாதிரி ஒரு சீட்டை நீட்டினான். சலவைக்கடை ரசீது. பேன்ட் இரண்டு, போர்வை ஒன்று.

அக்கா அதை வாங்கி முகத்துக்கு அருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், பின் மரியாதையாக மேஜைமேல் வைத்தார். "ஓ, சரிங்க. நல்ல ஆபீஸ்தான், கேள்விப்பட்டிருக்கேன்."

பம்பரம் சிரிக்க வாயைத் திறந்தான். கறார் அவன் காலை மிதித்தார். அவனுக்கே அப்புறம் சிரிப்பு வரவில்லை. ஒரு வயதான பெண்மணியைத் தான் ஏமாற்றிவிட்டதாக உறுத்தியது. ரசீதை மெல்ல எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"ரிட்டையர் ஆக இன்னும் எவ்வளவு நாள்?" என்று கேட்டார் கறார்.

"எட்டு மாசம்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அவசரமாகத் திரையை அணைத்தார். கறார் வேறொன்றும் கேட்கவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் பம்பரம் குரலைத் தாழ்த்தினான். "கேஸ் முடிஞ்சுது. கண்ணு தெரியல, வெளிய சொன்னா வேலை போயிடும்னு பயம். எறும்பு எழுத்தைப் படிக்க முடியாம மெஷின்ல பெரிசாக்கி டைப் அடிச்சிருக்காங்க. அடிச்சு முடிச்சதும் அந்தத் தாளும் ரஃப் கட்டோட போயிடுச்சு. அது கட்டுல கலந்தது அவங்களுக்குத் தெரியவே இல்ல. லீக்கும் இல்ல, திருட்டும் இல்ல. டீச்சர்கிட்ட சொல்லி மூணு மணிக்கு விஷயத்தைப் போட்டு உடைச்சிரலாம்!"

டீச்சர் மாடிப்படிக்குக் கீழே ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வகுப்புக்குள் போகத் தடை. வீட்டுக்குப் போ என்று சொல்லியும் போகவில்லை. மடியில் ஒரு கட்டு விடைத்தாளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். கறார் எல்லாவற்றையும் சொல்லும்வரை பேனாவை மூடவில்லை.

"தெரியும்" என்றார்.

"எது தெரியும்?"

"நேத்து அந்தத் தாளைக் காட்டினப்பவே அளந்து பாத்துட்டேன். நாலு புள்ளி ரெண்டு. நான் மூணுன்னு போட்டா மூணுதான் இருக்கும். அரைத்தாளை முழுத்தாளா யாரு ஆக்குவாங்கன்னு எனக்குத் தெரியாதா? டைப்பு அக்கா ஆறு மாசமா என் எழுத்தைப் பெரிசாக்கித்தான் படிக்கறாங்க."

பம்பரம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "தெரிஞ்சும் சும்மா இருக்கீங்களா? உங்க நாத்தனார் எங்க ஆபீஸ்ல ஒரு குடம் கண்ணீர் விட்டுட்டுப் போயிருக்காங்க!"

"சொன்னா என்ன ஆகும்? என் வேலை நிக்கும், அவங்க வேலை போகும். இந்தக் கைப்பிடியைப் பத்தி நான் எழுதின புகாரை டைப் அடிக்க இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்கும் தைரியம் வரல. அந்தம்மாதான் அடிச்சுக் குடுத்தாங்க. கீழ 'தட்டச்சு செய்தவர்'னு தன் பேரையும் போட்டாங்க. அவங்களைக் காட்டிக் குடுத்துட்டு நான் நாளைக்கு எந்த மூஞ்சியோட ஒரு புள்ளைகிட்ட சரியா வரைன்னு சொல்றது?"

"அப்ப கையெழுத்துப் போடப் போறீங்களா?"

"செத்தாலும் போட மாட்டேன். பண்ணாத தப்புக்குப் பண்ணினேன்னு எழுத மாட்டேன். வேணும்னா அவரே என்னைத் தூக்கி வெளிய போடட்டும். நீங்களும் அவங்க பேரைச் சொல்லக் கூடாது."

இந்த மாதிரி ஒரு கட்சிக்காரரை பம்பரம் பார்த்ததே இல்லை. கோபமும் வந்தது, எழுந்து நின்று ஒரு சலாம் போடலாம் போலவும் இருந்தது. கறாரைப் பார்த்தான். கறார் தலையை ஆட்டிவிட்டு வாக்குக் கொடுத்துவிட்டார். போச்சு! கைக்கு எட்டியதை வாயில் போடாமல் கையைக் கழுவியாகிவிட்டது.

மூன்று மணி. நீள மேஜைக்குப் பின்னால் செயலாளர், தலைமையாசிரியை, பெற்றோர் சங்கத் தலைவர். ஓரத்தில் குறிப்பெடுக்க டைப்பு அக்கா. எதிரே டீச்சர், உட்காரச் சொல்லியும் உட்காராமல்.

கறார் சுற்றி வளைக்கவில்லை. "சார், இது விடைன்னு சொன்னீங்க. சரியான விடையில சின்னப் பக்கம் ஆறு சென்டிமீட்டர் இருக்கணும். இதுல நாலு புள்ளி ரெண்டு. இதை விடைன்னு ஒரு பிள்ளை எழுதினா டீச்சர் எவ்வளவு மார்க் போடுவாங்க?"

"பூஜ்யம்" என்றார் டீச்சர்.

தலைமையாசிரியை அடிக்கோலை எடுத்துத் தானே அளந்தார். இரண்டு தடவை அளந்தார். "ஆமா சார், இது விடை இல்ல."

"விடை இல்லேன்னா என்ன? கேள்வி வெளிய வந்திருக்குல்ல? கையெழுத்து இவங்களது தானே?"

"கையெழுத்து இவங்களது. தாள் உங்க ஆபீஸ் மெஷின்ல பெரிசாக்கின நகல். ரஃப் கட்டுல கலந்து வகுப்புக்குப் போயிருக்கு."

"ஆபீஸ்லயா? யாரு? பேரைச் சொல்லுங்க!"

"பேரு என்கிட்ட கிடைக்காது" என்றார் கறார்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"பாத்தீங்களா, பேரே கிடையாது! எல்லாம் கட்டுக்கதை!" செயலாளர் மேஜையைத் தட்டினார். ஒரு கடிதத்தை எடுத்து டைப்பு அக்காவின் முன் எறிந்தார். "கடிதத்தைச் சத்தமாப் படிங்க. குறிப்புல ஏறட்டும். அப்புறம் கையெழுத்துப் போடறாங்களா, வெளிய போறாங்களான்னு பாக்கலாம்."

ஒரே பக்கத்தில் அடக்கவேண்டும் என்று வெளியில் கொடுத்துப் பொடிப்பொடியாக அச்சடித்த கடிதம். அக்கா அதை எடுத்தார். தள்ளிப் பிடித்தார். அருகில் கொண்டுவந்தார். ஓடிப்போய் அதை வாங்கித் தானே படித்துவிடலாமா என்று பம்பரத்துக்குத் தோன்றியது.

"குடுங்கக்கா, நான் படிக்கறேன்" என்று டீச்சர் கையை நீட்டினார். தன்னை வேலையைவிட்டுத் துரத்தும் கடிதத்தைத்தான்.

அக்கா அதைக் கொடுக்கவில்லை. எழுந்து நின்றார்.

"படிக்க முடியல சார். கண்ணுல புரை. ஆறு மாசமா பெரிசாக்காம எதையுமே படிக்க முடியல. மிஸ்ஸோட தாளைப் பெரிசாக்கினது நான். ரஃப் கட்டுல விட்டதும் நான். நேத்து ராத்திரி பூரா தூங்கல. பயந்துட்டு வாயை மூடிட்டு இருந்தேன். போதும். இதுக்கு மேல மூட மாட்டேன்."

செயலாளருக்கு முகம் மலர்ந்தது. "அப்ப நீங்க வெளிய போங்க. இன்னிக்கே!"

"போறேன். ஆனா மூலத்தாளை எரிச்சதை எழுதி வெச்ச ரிஜிஸ்டரையும் இங்க கொண்டாங்க. 'மூலத்தாள் ஒன்று, நகல் இல்லை, என் முன்னிலையில் எரிக்கப்பட்டது'ன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அன்னிக்கு நீங்க ஆபீசுக்கே வரல. மறுநாள் காருக்குள்ள உக்காந்துட்டே போட்டீங்க. நகல் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அப்பவே எடுத்துக் குடுத்திருப்பேன்."

பெற்றோர் சங்கத் தலைவர் மெதுவாகச் செயலாளர் பக்கம் திரும்பினார். "அப்படியா சார்?"

செயலாளர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியைக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. தேர்வுக்கு வேறு கேள்வி. அக்காவுக்குக் கண் ஆபரேஷனுக்கு விடுப்பு, வேலை அப்படியே. டீச்சர் நாளைக் காலை வகுப்புக்குப் போகலாம். பம்பரம் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டான். நாற்காலிகள் நகர்ந்தன. டீச்சர் மட்டும் நகரவில்லை.

"எனக்கு ஒரு கடிதம் வேணும்" என்றார்.

"என்ன கடிதம்?" என்றார் செயலாளர்.

"என்மேல போட்ட பழி பொய்யின்னும், அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன்னும். இங்கேயே, இப்பவே, உங்க கையால. அதை அக்கா படிச்சுத்தான் குறிப்புல ஏறணும். அதுவரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்."

"திமிரு!"

"ஆமா சார்."

செயலாளர் தலைமையாசிரியையைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். சங்கத் தலைவர் தன் பேனாவைத் திறந்து நீட்டினார். செயலாளர் ஒரு தாளை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முதல் வரியைக் கிறுக்கினார். டீச்சர் அதை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். டீச்சர் தாளைத் திருப்பி மேஜைமேல் வைத்தார்.

"இன்னும் பெரிசா எழுதுங்க சார்."